வீடு மாறும்போது மின்னணுப் பொருள்கள்: ஒரு திரை உடைந்த நிகழ்வின் ஆய்வு

பின்னணி

நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம், மூன்றாம் மாடி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு ஊரில் தரைத்தள வீட்டுக்குக் குடிபோனது. லாரி மாலையில் கிளம்பி இரவு முழுக்க ஓடி, மறுநாள் விடியற்காலையில் போய்ச் சேரும் தூரம். மரச்சாமான், பாத்திரம், துணிமணி ஆகியவற்றைக் கட்டி ஏற்றி இறக்கும் வேலை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மின்னணுப் பொருள்களை மட்டும் தாங்களே கட்டிக்கொள்வதாகக் குடும்பத்தார் சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஒருவர் வீடியோ எடிட்டிங் செய்பவர். கணினியும் அதிலுள்ள கோப்புகளும்தான் அவருக்குப் பிழைப்பு. அதை வேறு கைகளில் விட அவருக்கு மனம் வரவில்லை.

கட்ட வேண்டியிருந்தவை: 55 அங்குல எல்இடி டிவி, பெரிய கிராபிக்ஸ் கார்டும் ப்ராசஸரைக் குளிர்விக்கும் கனமான கூலரும் உள்ள மேசைக் கணினி, 24 அங்குல மானிட்டர்கள் இரண்டு, வீட்டு நெட்வொர்க்கில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும், இரண்டு ஹார்ட் டிஸ்க் கொண்ட நாஸ் பெட்டி, மடிக்கணினிகள் இரண்டு, இங்க் டேங்க் பிரிண்டர், யுபிஎஸ், ரூட்டர், ஒரு ஜோடி ஸ்பீக்கர். வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டிகள் எல்லாம் எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன.

போய்ச் சேர்ந்த பிறகு டிவி மட்டும் பழுதாகியிருந்தது. மற்றவை எல்லாம் ஓடின. எல்லாவற்றையும் கட்டியது ஒரே ஆட்கள். அப்படியிருக்க ஒன்று மட்டும் ஏன் உடைந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

பத்து நாள் முன்பு: கணக்கெடுப்பில் தெரிந்தவை

முதலில் ஒவ்வொரு பொருளையும் இயக்கிப் பார்த்தார்கள். டிவியில் முழு வெள்ளைப் படம் ஒன்றை ஓடவிட்டு அதைப் புகைப்படம் எடுத்தார்கள். பின்பக்கத்து வரிசை எண்ணும் இன்னொரு படத்தில் பதிவானது. கணினியின் பின்பக்கம், நாஸின் பின்பக்கம், ரூட்டரில் எந்தக் கேபிள் எங்கே போகிறது என்பதெல்லாம் படமாயின. இந்தப் படங்கள் பின்னால் மிகவும் உதவின.

பழைய மடிக்கணினியை எடுத்தபோது டச்பேட் ஒரு பக்கம் லேசாக மேலே தூக்கிக்கொண்டிருந்தது. மூடியை மூடினால் முன்விளிம்பு ஒட்டவில்லை. நடுவில் ஒரு நூலளவு இடைவெளி. மேசையில் வைத்து ஒரு மூலையை அழுத்தினால் ஆடியது. பேட்டரி உப்பியதன் அடையாளம் இது. லித்தியம் பேட்டரியின் உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேரும்போது உறை வீங்குகிறது. அந்த நிலையில் அழுத்தமோ, குத்தலோ, வெயிலில் நின்ற வண்டியின் சூடோ பட்டால் தீப்பற்றும் அபாயம் உண்டு.

ஹார்ட் டிஸ்குகள் நலமாக இருந்தன. ஆனால் நாஸில் இருந்த கோப்புகளில் ஏறக்குறைய பாதிக்கு வேறு நகல் இல்லை. இரண்டு டிஸ்குகளும் ஒன்றையொன்று நகலெடுக்கும் அமைப்பில் இருந்ததால் அதுவே போதும் என்று நினைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே பெட்டிக்குள் பயணம் போகும்போது அந்தப் பாதுகாப்புக்குப் பொருளே இல்லை. பெட்டி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே விழும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உப்பிய மடிக்கணினி லாரியில் ஏறக்கூடாது என்பது முதல் முடிவு. அதை மறுபடி சார்ஜில் போடவில்லை. அணைத்து, எரியாத தரையில், துணியோ காகிதமோ பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்தார்கள். பழுதுபார்ப்பவர் ஒருவர் சேமிப்பகத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பேட்டரியை மின்கழிவு சேகரிப்பில் ஒப்படைத்தார். மற்ற மடிக்கணினி, பவர் பேங்க், கேமராவின் உதிரி பேட்டரி ஆகியவற்றைப் பாதி அளவு சார்ஜோடு அணைத்து, தங்களோடு காரில் கொண்டுபோனார்கள். உதிரி பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டப்பட்டது; பையில் கிடக்கும் சாவியோ நாணயமோ முனைகளை இணைத்துவிடக் கூடாது.

அடுத்தது கோப்புகள். புதிதாக ஒரு வெளிப்புற டிஸ்க் வாங்கி, நாஸில் உள்ள அனைத்தையும் அதில் நகலெடுத்தார்கள். நகலெடுத்ததோடு விடாமல், பெரிய கோப்புகள் சிலவற்றைத் திறந்து ஓடவிட்டும் பார்த்தார்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நம்பக்கூடாது. அந்த டிஸ்க் காரில் போவதாகவும், நாஸின் டிஸ்குகள் லாரியில் போவதாகவும் முடிவானது. இரண்டும் ஒரே வண்டியில் ஏறக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள்.

நாஸை அதன் மெனுவிலிருந்து முறையாக அணைத்து, டிஸ்குகள் சுழல்வது நின்ற பிறகு டிரேயோடு வெளியே எடுத்தார்கள். எந்த டிரே எந்த இடத்தில் இருந்தது என்று 1, 2 என ஒட்டுச்சீட்டு போட்டார்கள். ஒவ்வொன்றும் நிலைமின்னேற்றத்திலிருந்து காக்கும் வெள்ளி நிற ஆன்டி ஸ்டாட்டிக் பையில் போய், நாலாபுறமும் 5 செ.மீ. ஃபோம் உள்ள சிறு பெட்டிக்குள் வைக்கப்பட்டது. 5 செ.மீ. என்ற அளவுக்குக் காரணம் உண்டு. 75 செ.மீ. உயரத்திலிருந்து விழும் பொருள் கடினத் தரையில் 2 மில்லிமீட்டருக்குள் நின்றால், அது தாங்க வேண்டிய சராசரி வேகக்குறைவு புவியீர்ப்பைப் போல 375 மடங்கு. 5 செ.மீ. ஃபோம் பாதியளவு அமுங்கி, 2.5 செ.மீ. தூரத்தில் பொருளை நிறுத்தினால் அது 30 மடங்குதான். உச்சம் இதைவிடக் கூடும். ஆனால் விகிதம் இதுவே. அணைந்த நிலையில் உள்ள மூன்றரை அங்குல டிஸ்குகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் தாங்குதிறன் 250 மடங்கு அளவில் இருக்கிறது. ஓடும் டிஸ்குக்கு இதில் சிறு பங்குதான். ஆக, ஃபோம் தடிமனாக இருந்தால் மட்டும் போதாது, அமுங்கவும் வேண்டும். கல்போல் இறுகிய ஃபோம் அடியை அப்படியே உள்ளே கடத்தும். மிக மென்மையானதோ முழுக்க நசுங்கி, பொருளைத் தரையில் மோதவிடும்.

கணினியில் பெரிய கவலை கிராபிக்ஸ் கார்டு. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கார்டு, கேஸ் நிமிர்ந்து நிற்கும்போது ஸ்லாட்டிலிருந்து பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. லாரி குலுங்கும் ஒவ்வொரு முறையும் ஸ்லாட் நெம்பப்படும். எனவே கழற்றினார்கள். பவர் சப்ளையின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி, கேஸின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, பிராக்கெட் திருகுகள் இரண்டையும் எடுத்து, ஸ்லாட்டின் கொக்கியை அழுத்தியபடி கார்டை நேராக இழுத்தார்கள். கார்டு ஆன்டி ஸ்டாட்டிக் பையில் காரில் போனது. திறந்த சர்க்யூட் எதையும் சாதாரண பபிள் ராப்பிலோ தெர்மாகோலிலோ நேரடியாகச் சுற்றவில்லை. இரண்டும் உரசும்போது நிலைமின்னேற்றம் உண்டாக்குபவை.

கூலரைக் கழற்றவில்லை. கழற்றினால், ப்ராசஸரிலிருந்து கூலருக்கு வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூச வேண்டும். அதற்குப் பதிலாக, மதர்போர்டு கீழே கிடையாகவும் கூலர் அதன்மேல் நேராக நிற்கும்படியும் கேஸைப் படுக்க வைத்துக் கட்டினார்கள். அப்போது கூலரின் எடை போர்டை நெம்பாது, அழுத்தும். காலி இடத்தில் இளஞ்சிவப்பு ஆன்டி ஸ்டாட்டிக் பபிள் ராப்பை லேசாக நிரப்பினார்கள். பக்கவாட்டுக் கண்ணாடி தனியே போனது. டெம்பர்டு கண்ணாடி நடுவில் அடி தாங்கும், மூலையில் சின்னத் தட்டலுக்கே நொறுங்கும் என்பதால் ஃபோம் நான்கு மூலைகளிலும் தடிமனாக வைக்கப்பட்டது.

கோப்புகளைப் பூட்டிவைக்கும் டிஸ்க் குறியாக்கத்தின் மீட்புச் சாவியை, 48 இலக்கங்களையும், கையால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டது இன்னொரு நல்ல முடிவு. கார்டு போன்ற பாகங்களைக் கழற்றி மாட்டினால் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் சில வேளை அந்தச் சாவியைக் கேட்கும். சாவி அதே கணினிக்குள் இருந்தால் பயனில்லை.

பிரிண்டர், யுபிஎஸ், வயர்கள் ஆகியவற்றுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பிரிண்டரை அதன் சொந்தப் பொத்தானால் அணைத்தார்கள். அப்போதுதான் மை தெளிக்கும் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். சுவரில் அணைத்தால் நடுவழியில் நின்றுவிடும். மை மூடிகளை இறுக்கி, இரட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சாயாமல் வைத்தார்கள். யுபிஎஸ்ஸின் ஈயப் பேட்டரி இணைப்பைக் கழற்றி, நிமிர்ந்த நிலையில் தனிப் பெட்டியில் கட்டினார்கள். அந்த எடையோடு வேறெந்த மின்னணுப் பொருளும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது. அடாப்டர் ஒவ்வொன்றிலும் எந்தப் பொருளுடையது என்று எழுதி ஒட்டினார்கள். ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டரும் மானிட்டரின் 19 வோல்ட் அடாப்டரும் ஒரே மாதிரி முனை கொண்டவை. மாற்றிச் செருகினால் ரூட்டர் கருகியிருக்கும். வயர்களை அடாப்டரைச் சுற்றி இறுக்கிக் கட்டாமல், தளர்வான வளையமாக விட்டார்கள்.

கடைசி இரவு: டிவி

பிள்ளைகள் பார்க்கட்டும் என்று டிவியைக் கடைசி வரை கட்டாமல் வைத்திருந்தார்கள். கட்டத் தொடங்கியபோது ஃபோம் ஷீட் தீர்ந்திருந்தது.

வாங்கியது ஒரு மீட்டர் அகலத்தில் 10 மீட்டர். 55 அங்குலத் திரை ஏறக்குறைய 123 செ.மீ. அகலமும் 71 செ.மீ. உயரமும் இருக்கும். தடிமனையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 2.6 மீட்டர், இரண்டு சுற்றுக்கு 5.2. 24 அங்குல மானிட்டர் ஒன்றுக்கு இரண்டு சுற்று 2.4 மீட்டர், இரண்டுக்கு 4.8. திரைகளுக்கு மட்டுமே சரியாக 10 மீட்டர் ஆகிறது. கணக்கு இடைவெளியே இல்லாமல் போடப்பட்டிருந்தது. அதிலிருந்து கண்ணாடிப் பாத்திரங்களுக்கு 4 மீட்டர் போய்விட்டது.

இருந்ததைக் கொண்டு கட்டினார்கள். கால்களைக் கழற்றி, திருகுகளைச் சிறு பையில் போட்டுப் பின்பக்கத்தில் ஒட்டினார்கள். திரைக்கு மேல் ஒரு படுக்கை விரிப்பு, அதன்மேல் பபிள் ராப், அதுவும் குமிழிகள் திரையை நோக்கியபடி. இரண்டு பெரிய பெட்டிகளை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகி உறை செய்தார்கள். மூலைகளில் மட்டும் தடித்த ஃபோம் இருந்தது. குறுகிய பக்கம் ஒன்றில் மேல்நோக்கிய அம்புக்குறியும் 'டிவி' என்ற எழுத்தும் போடப்பட்டன. அகலப் பக்கங்களில் எதுவும் எழுதவில்லை.

ஏற்றியதும் இறக்கியதும்

ஏற்றும்போது வீட்டார் இருவரும் மேலே அறைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே லாரிக்குப் பக்கத்தில் அவர்கள் சார்பில் யாரும் இல்லை.

லாரி குளிர்ந்த இரவில் ஓடி, ஈரக்காற்றுள்ள காலையில் இறக்கப்பட்டது. மின்னணுப் பெட்டிகளை ஒரு அறையில் வைத்து அப்படியே விட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து நாஸ் பெட்டியைத் திறந்தபோது, பாலித்தீன் உறையின் வெளிப்புறம் முழுக்கப் பனி படர்ந்திருந்தது. விரலால் தடவினால் நீர் கோடாக வழிந்தது. உள்ளே உலோகம் காய்ந்தே இருந்தது. கிளம்பும் முன் உலர்ந்த அறையில் சிலிக்கா ஜெல்லோடு உறையை ஒட்டி மூடியதன் பயன் அது. குளிர்ந்த பொருள் சூடான ஈரக்காற்றைத் தொட்டால் அதன்மேல் நீர் படியும். உறை இருந்தால் அந்த நீர் உறைமேல் படியும். பெட்டியை மறுபடி மூடி, மாலை வரை காத்திருந்தார்கள். டிவியை மறுநாள்வரை விட்டார்கள்.

இதற்கிடையில் நிறுவனத்தின் ரசீதில் 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டாயிற்று. வெளிப்பெட்டிகள் நசுங்காமல் இருந்ததைப் பார்த்துப் போட்ட கையெழுத்து.

மாலையில் கணினி எழுந்தது. எதிர்பார்த்தபடி மீட்புச் சாவியைக் கேட்டது. தாளைப் பார்த்து அடித்ததும் உள்ளே போனது. நாஸில் 1, 2 என்ற வரிசையில் இரு டிஸ்குகளையும் செருகிய பிறகே மின்சாரம் கொடுத்தார்கள். ஒன்று மட்டும் இருக்கும்போது இயக்கினால் இரு டிஸ்கும் சேர்ந்த தொகுப்பு பழுதானதாக நாஸ் எடுத்துக்கொள்ளும். பிறகு, டிஸ்க் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் நீண்ட ஸ்மார்ட் சோதனையை ஓடவிட்டதில் குறை எதுவும் வரவில்லை. பிரிண்டரின் உள்பையில் கொஞ்சம் மை கசிந்திருந்தது; வெளிப்பை அதைத் தடுத்தது. ஒருமுறை ஹெட் சுத்தம் செய்ததும் அச்சு தெளிவானது.

மறுநாள் டிவியைப் பிரித்தார்கள். திரை பளபளவென்று இருந்தது. விரல் வைத்துத் தடவியும் கீறல் எதுவும் தட்டுப்படவில்லை. இயக்கியதும், இடதுபக்கம் கீழ்ப்பகுதியில் ஒரு புள்ளியிலிருந்து கோடுகள் சிலந்தி வலைபோல் பிரிந்து ஓடின. அதற்கு மேலே நெடுக்காகக் கறுத்த பட்டை. எல்இடி டிவியில் இருப்பதும் எல்சிடி திரைதான். அதன் முகத்தில் கைக்குத் தட்டுப்படுவது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். உடைவது அதற்குப் பின்னால் உள்ள, மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகள். அதனால்தான் அணைந்த திரையில் பல உடைவுகள் தெரிவதில்லை.

எப்படி உடைந்தது

தடயம் பெட்டியிலேயே இருந்தது. உறையின் அகலப் பக்கத்தில், திரையின் கீழ்-இடது பகுதிக்கு நேரே, செங்கோண வடிவில் ஒரு பள்ளம் பதிந்திருந்தது. ஸ்பீக்கர் பெட்டியின் மூலையை அதில் வைத்துப் பார்த்தார்கள், பொருந்தியது. விசாரித்தபோது, மெத்தைகளுக்கு மேல் இடம் இருந்ததால் அந்தத் தட்டைப் பெட்டியைப் படுக்க வைத்து, அதன்மேல் ஸ்பீக்கர் பெட்டியை வைத்ததாக ஏற்றியவர் ஒருவர் சொன்னார்.

நிமிர்ந்து நிற்கும் திரையின் எடையைச் சட்டத்தின் விளிம்பு தாங்குகிறது. படுத்த திரையில் நடுப்பகுதி தொங்கிக்கொண்டிருக்கும். மெத்தைபோல் அமுங்கும் பரப்பில் சட்டமே வளையும். சாலையின் ஒவ்வொரு குலுக்கலிலும் கண்ணாடி வளைந்து நிமிரும். அதன்மேல் ஒரு மூலை குத்திக்கொண்டிருந்தால் முடிவு இதுதான். குமிழிகள் திரையை நோக்கி இருந்ததும் சேர்ந்தது: பரவியிருக்க வேண்டிய அழுத்தம் சிறு சிறு புள்ளிகளில் விழுந்தது. என்றாலும் ஃபோம் குறைவை முதன்மைக் காரணமாகச் சொல்ல முடியாது. போதிய ஃபோம் இருந்திருந்தாலும் இந்தக் கிடையில், இந்தச் சுமையில் திரை தப்பியிருக்கும் என்று நம்ப இடமில்லை.

கணினிக் கேஸ் எந்தப் பக்கம் போட்டாலும் ஓரளவு தாங்கும்படி கட்டப்பட்டிருந்தது. டிவியின் பாதுகாப்போ முழுக்க முழுக்க அது எந்த நிலையில் வைக்கப்படுகிறது என்பதையே நம்பியிருந்தது. அந்த நிலையை ஏற்றுபவருக்குச் சொன்னது குறுகிய பக்கத்து ஒற்றை அம்புக்குறி மட்டும். பெட்டியைப் படுக்க வைப்பவர் பார்ப்பது அகலப் பக்கத்தை. ஏற்றியவர்மேல் குறை சொல்வது எளிது. அவருக்குத் தெரிய வேண்டியதை அவர் கண்ணில் படும் இடத்தில் யாரும் எழுதவில்லை.

இழப்பீடு கேட்டபோது நிறுவனம் இரண்டைக் காட்டி மறுத்தது: உரிமையாளர் கட்டிய பெட்டிக்குப் பொறுப்பில்லை என்ற ஒப்பந்த வரி, நல்ல நிலையில் பெற்றதாக இட்ட கையெழுத்து. குடும்பத்தார் புறப்படும் முன் எடுத்த வெள்ளைத் திரைப் படத்தையும், வரிசை எண்ணையும், பள்ளம் பதிந்த பெட்டியின் படத்தையும் கொடுத்தார்கள். சேதம் கட்டியதில் அல்ல, அடுக்கியதில் நேர்ந்தது என்பது அதில் தெரிந்ததால், பேச்சுக்குப் பிறகு நிறுவனம் ஒரு பகுதித் தொகையைக் கொடுத்தது. புதிய பேனல் மாற்றும் செலவு புது டிவியை நெருங்கியதால் பழுதுபார்க்கவில்லை.

மாற்றப்பட வேண்டியவை

டிவியைக் குறைந்தது இரண்டு நாள் முன்பே கட்ட வேண்டும். ஃபோம் ஷீட்டைத் திரைகளின் சுற்றளவிலிருந்து கணக்கிட்டு, அதற்குமேல் கால்பங்கு சேர்த்து வாங்க வேண்டும். இந்த வீட்டுக்கு அது 12.5 மீட்டர். பாத்திரத்துக்கு வேறு சுருள். திரையைத் தொடும் முதல் அடுக்கு வழவழப்பான ஃபோம் ஷீட்டாகவே இருக்க வேண்டும். பபிள் ராப் அதற்கு வெளியே, குமிழிகள் வெளிப்புறம் பார்த்து. விறைப்பான பலகை வைப்பதானால் அது சட்டத்தின் விளிம்புகளில் மட்டும் தாங்கி, திரையின் நடுவைத் தொடாமல் நிற்க வேண்டும்.

உறையின் இரு அகலப் பக்கங்களிலும் கையளவு எழுத்தில் 'படுக்க வைக்காதீர்கள், மேலே எதையும் வைக்காதீர்கள்' என்று எழுத வேண்டும். அதைவிட நம்பகமானது, படுக்க வைக்கவே முடியாதபடி செய்வது: இரு அகலப் பக்கங்களிலும் நடுவில் கூரைபோல் மடித்த அட்டையை ஒட்டிவிட்டால் பெட்டி கிடையாக நிலைக்காது, மேலே அடுக்கவும் வராது. லாரிக்குள் அதன் இடம் பக்கச் சுவருக்கும் நிமிர்த்திய மெத்தைக்கும் நடுவே. பட்டை கட்டி, முகம் மெத்தைப் பக்கம் பார்க்க நிற்க வேண்டும். டிவி ஏறும்போது வீட்டார் ஒருவர் லாரியின் வாசலில் நின்று, கட்டி முடித்த நிலையைப் படம் எடுக்க வேண்டும்.

ரசீதில் கையெழுத்துப் போடும்போது 'உள்ளிருப்பு சரிபார்க்கப்படவில்லை' என்று எழுதிப் போட வேண்டும். ஈரத்துக்காக டிவியை மறுநாள்வரை இயக்காமல் வைத்தது சரியே. ஆனால் உறையைப் பார்க்க இயக்க வேண்டியதில்லை. பெட்டியின் வெளிப்பக்கத்துப் பள்ளம் இறக்கிய நிமிடமே கண்ணில் பட்டிருக்கும். இறக்கியவர்கள் கிளம்பும் முன் ஒவ்வொரு பெட்டியின் ஆறு பக்கங்களையும் பார்த்து, பள்ளமோ ஈரமோ இருந்தால் அவர்கள் முன்னிலையிலேயே படம் எடுத்து ரசீதில் குறிக்க வேண்டும்.